திட்டு வாங்குவதற்கென்று ஒரு நாற்காலி

கூட்டத்தின் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவ அதிகாரிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, எங்கள் மார்புநோய் மருத்துவமனையின் செவிலியரே, ஆய்வகத் தோழர்களே, மாத்திரையை முடித்தவர்களே, இன்னும் முடிக்காதவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. குரல் தெரியும். காசநோய்ப் பிரிவில் மருந்து கொடுக்கும் ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு இருபத்திரண்டு ஆண்டுகளாக "அடுத்து!" என்று கத்துகிறவன் நான்தான். மருந்தாளுநர். பேசுவதற்குத் தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். என் ஜன்னலில் நின்றவர்களுக்குத் தெரியும், நான் சொன்ன நேரத்துக்கு எதையும் முடித்தவன் இல்லை.

ஆனால் இன்று முடித்தே ஆக வேண்டிய வேலை ஒன்று எனக்கு இருக்கிறது. இந்த அரங்கில் ஒருவர் நான்கு நாள்களாக மாத்திரை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை அக்கா நம்மையெல்லாம் விட்டுப் போனார். புதன்கிழமையிலிருந்து இவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இன்றைக்கு அவர் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் இதோ, என் சட்டைப் பையில் இருக்கின்றன. நான் மேடையை விட்டு இறங்குவதற்குள் அவை அவர் வயிற்றுக்குள் போயாக வேண்டும். யார் அவர் என்று இப்போதே தேடாதீர்கள், நானே சொல்கிறேன். அதுவரை வாசலருகே இருக்கும் தோழர்கள் கதவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நழுவுவதில் கெட்டிக்காரர்.

சிரிக்கிறீர்கள். நல்லது. அக்காவுக்காகக் கூடிய கூட்டத்தில் ஒருவரும் சிரிக்காவிட்டால் அதுதான் அவமரியாதை.

யார் நம் அக்கா? பதவிப் பெயர் சிகிச்சை மேற்பார்வையாளர். காசநோய்க்காரர்கள் ஆறு மாதம், சிலர் அதற்கும் மேல், ஒருநாள் விடாமல் மாத்திரை விழுங்குகிறார்களா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்வது அவருடைய வேலை. இருமல் நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைத்து மாத்திரையை விடுகிறவர்களை விரட்டிப் பிடிப்பதும் அவர் வேலைதான். என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் தலைமை மருத்துவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். எழுபது வயதுக்காரர்கள் அக்கா, அக்கா என்று பின்னால் ஓடுவதைப் பார்த்து, புதிதாக வருகிறவர்கள் இந்த அம்மாவுக்கு என்னதான் வயது என்று குழம்பிப்போவார்கள்.

ஆனால் நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் வேறு. திட்டுவாங்கி அக்கா! உலகத்தில் எந்த ஊழியராவது இப்படியொரு பட்டத்தைப் பெருமையாக நினைத்ததுண்டா? நம் அக்கா நினைத்தார். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று இங்கே பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசவே முடியாது.

அவர் வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு அலுவலகத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் கொடுத்தார்கள். அதன் முன்பக்கத்தில் இரண்டு நுரையீரல் வரைந்திருந்தது. இளஞ்சிவப்பு நிறம். தெருக்கோடியில் நிற்பவருக்கும் தெரியும் அளவு. அதன் கீழே, "காசநோயை ஒழிப்போம்". வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் மாத்திரை கொடுக்கலாம் என்று அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தினமும் காலையில் நுரையீரலை ஓட்டிக்கொண்டு புறப்படுவார். ஒவ்வொரு நோயாளியின் வாசலிலும் அதை நிறுத்துவார். யாருக்கும் தெரியாமல் நோயை மறைத்து வைத்திருந்தவர்களின் வாசலிலும் அதே நுரையீரல் போய் நின்றது! எங்களில் ஒருவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. எங்களுக்கு அது வெறும் வண்டி.

அப்போது சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவர் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது மாதம், கடைசி நாள். மருத்துவமனைக்கே வந்து கடைசி மாத்திரையை விழுங்கினார். நாங்களெல்லாம் வரிசையாக நின்று கை தட்டினோம். அக்கா அவர் கையைப் பிடித்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுண்ணே" என்றார்.

அந்த மனிதர் கையை உதறினார்.

"என்னம்மா முடிஞ்சுது? நெஞ்சைக் குணமாக்கிட்டீங்க, ஒத்துக்கறேன். குடியிருந்த வீடு போச்சே, அது தெரியுமா உங்களுக்கு? உங்க வண்டி வாசல்ல வந்து நின்ன மூணாம் நாளு வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. நாலு மாசமா சந்தைக் கொட்டகையில படுத்துக்கிட்டுத்தான் உங்க மாத்திரையை முழுங்கினேன். வண்டியை ஒரு தெரு தள்ளி நிறுத்தத் தெரியாதா உங்களுக்கு? படிச்சவங்கதானே?"

எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அக்கா என்ன செய்தார் தெரியுமா? ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தார். "இன்னும் சொல்லுங்கண்ணே" என்றார். அவர் சொன்னார். இருபது நிமிடம் சொன்னார். அக்கா ஒரு வார்த்தை பதில் பேசவில்லை.

அன்று மாலையே ஜன்னல் கம்பிக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயின்டை எடுத்துத் தன் கையாலேயே அந்த நுரையீரலை மறைத்தார். அந்தப் பச்சையில் இன்னொரு வண்டியை நான் இதுவரை பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் மின்பணியாளர். அவர் பட்டறைக்கு மேலே சாமான் போட்டு வைத்திருந்த அறையை அந்த வாரமே ஒழித்துக் கொடுத்தார்கள். மூட்டை தூக்குகிற அண்ணன் இன்றும் அங்கேதான் இருக்கிறார். அதோ, தூண் பக்கத்தில். கண்ணைத் துடைக்காதீர்கள் அண்ணே, இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். கடைசி மாத்திரை விழுங்குகிற ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். அக்கா நாற்காலியில் உட்காருவார். அவர்கள் நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டலாம். அவர் பதில் பேசக் கூடாது. இது என்ன கூத்து என்று நான் கேட்டேன். எழுத்துமூலமாகவே கேட்டேன், மருத்துவமனை வளாகத்தில் கூச்சல் என்று தலைமை மருத்துவருக்கு ஒரு புகார்க் கடிதம் கொடுத்தேன். ஆம் அவையோரே, அந்தப் பாவத்தைச் செய்தவன் நானேதான்! அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணே, நன்றி சொல்றவங்க எதையும் சொல்ல மாட்டாங்க. கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. திட்டறவங்கதான் எங்க இடிக்குதுன்னு சொல்றாங்க. எனக்கு வேற யாரு சொல்லுவாங்க, சொல்லுங்க பார்ப்போம்?"

நான் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

தையல் ஆலையில் வேலை செய்த ஒரு பெண் திட்டினாள்: "எட்டு மணிக்குத் திறந்தா நான் எப்ப மிஷின்ல போய் உக்கார்றது? நோயும் போச்சு, வேலையும் போச்சு!" அடுத்த மாதத்திலிருந்து எங்கள் பிரிவு காலை ஐந்தரைக்குத் திறந்தது. என் தூக்கத்தைக் கெடுத்த அந்தத் தங்கை இங்கே வந்திருக்கிறாளா? வந்திருக்கிறாள். வாழ்க! ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் திட்டினார்: "தப்புப் பண்ணின பிள்ளைங்களை நிறுத்தற மாதிரி எங்களை ரோட்டைப் பார்த்து உக்கார வச்சிருக்கீங்களே, போறவங்க வர்றவங்க எல்லாம் பார்க்கணுமா?" அன்றே பெஞ்சு மரத்தடிக்கு மாறியது. ஒரு பெரியவருக்குத் திட்டவே வரவில்லை. மூன்று நிமிடம் தொண்டையைக் கனைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "நீ எனக்காக ரெண்டு வார்த்தை திட்டேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். மாத்திரையை முடித்தவரேதான் திட்ட வேண்டும் என்பது விதி. கடைசியில், "அக்கா, உங்க செருப்புச் சத்தம் இருக்கே, விடியக்காலையில மனுசனைத் தூங்க விடறதில்ல" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவரே அழுதார். அக்கா மறுநாள் ரப்பர் செருப்பில் வந்தார்.

வீட்டிலும் இப்படித்தானா என்று அக்காவின் கணவரை ஒருமுறை கேட்டேன். "வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க, ஒரு வாரத்துக்கு எனக்குச் சோறு கிடையாது" என்றார். ஆகவே அவரைத் தெய்வம் என்று சொல்லி யாரும் என்னை ஏமாற்ற முடியாது. அவர் கோபக்காரர். பிடிவாதக்காரர். என்னோடு சண்டை போட்ட நாள்களை எண்ணினால் பேசிய நாள்கள் குறைவு. என் மருந்து ஜன்னல் குள்ளமானவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. "உங்களை யாரும் திட்டறதில்லண்ணே, அதான் அது இன்னும் அங்கயே இருக்கு" என்று ஒன்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்தாவது ஆண்டு ஆளை வைத்து அவரே இறக்கிவிட்டார். நான் விடுப்பில் இருந்தபோது!

அவையோரே! இந்த நோய்க்கு மருந்து இல்லையா? இருக்கிறது! எத்தனையோ ஆண்டுகளாக இருக்கிறது. அப்படியிருந்தும் உலகத்தில் ஓர் ஆண்டில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இந்த நோயில் விழுகிறார்களே, பத்து லட்சம் பேருக்கு மேல் செத்துப் போகிறார்களே, ஏன்? மருந்து ஓரிடத்தில் இருக்கிறது, நோய் இன்னோரிடத்தில் இருக்கிறது. ஒரு நாட்டில் காலையில் சளியைக் கொடுத்தால் மாலைக்குள் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சொல்லிவிடுகிறது இயந்திரம். எங்களிடம் அந்த இயந்திரம் இல்லை. சளியைப் புட்டியில் அடைத்து எட்டு மணிநேரப் பயணத்துக்கு அனுப்பிவிட்டு, ஏழு வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா சொல்வார்: "கிருமி எல்லா வீட்டுக்கும் போகுதுண்ணே. மாத்திரைதான் ஆளைப் பார்த்துப் போகுது."

அந்த ஏழு வாரம் யாருக்காகக் காத்திருந்தோம்? இப்போது சொல்கிறேன். மூன்றாம் வரிசையில், நீலச் சட்டையில், தன் மனைவிக்குப் பின்னால் ஒளியப் பார்க்கிறாரே, பேருந்து நடத்துநர், அவருக்காகத்தான். பெயரைக் கெடுக்கிறேன் என்று யாரும் பதற வேண்டாம். வேலைக்குத் திரும்பிய அன்று ஓடுகிற பேருந்தில் நின்று, "எனக்குக் காசநோய் இருந்துச்சு, இப்ப சளியில கிருமி இல்ல, பரவாது, ஆனாலும் எல்லாரும் ஜன்னலைத் திறந்து வைங்க" என்று தானே அறிவித்தவர் அவர். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐயா, நாற்காலியை நகர்த்த வேண்டியதில்லை. நிஜமாகவே பரவாது.

வழக்கமான மாத்திரைக்கு அவருடைய கிருமி அடங்கவில்லை. ஐந்து மாதம் அதைச் சாப்பிட்டு இன்னும் இளைத்தார். ஏழு வாரம் கழித்து முடிவு வந்தபோது பழைய மருந்துகளில் முக்கியமானவை எதற்கும் அது மசியாது என்று தெரிந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, புதிய மாத்திரைகள். ஆறே மாதம், ஊசி கிடையாது. வசதியான நாடுகளில் எங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. இன்னொன்று பழைய வழி. ஒன்றரை ஆண்டுக்கு மேல், அதில் பல மாதம் தினமும் ஊசி. அந்த ஊசி பலருக்குக் காதைக் கொண்டுபோய்விடும். எங்கள் பகுதிக்கு வந்த புதிய மாத்திரை ஒன்பது பேருக்கு. நடத்துநர் பத்தாவது ஆள்.

நடத்துநருக்குக் காது போனால் என்ன ஆகும்? நிறுத்தம் கேட்கிற பயணியின் குரல் கேட்குமா? இறங்குவதற்குள் வண்டி நகர்ந்தால் கத்துகிற கிழவியின் குரல் கேட்குமா? "காது இல்லாம உசிரு மட்டும் இருந்து நான் எந்த வண்டியில ஏறுவேன்?" என்று அவர் அக்காவிடம் கேட்டார்.

அக்கா மருந்துக் கிடங்கின் அதிகாரியைப் பார்க்கப் போனார். தனியாகப் போகவில்லை. பழைய ஊசி போட்டுப் பிழைத்த ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். பத்திரிகை கித்திரிகை எதையும் கூப்பிடவில்லை. மருந்துப் பட்டியலைக் கொடுக்க நானும் போயிருந்தேன். அதிகாரி மெதுவான குரல்காரர், நல்ல மனிதர்தான். "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று அந்த ஆறு பேரைக் கேட்டார்.

"ஆங்?" என்றார் முதலாமவர்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"கொஞ்சம் சத்தமாக் கேளுங்க சார்" என்றார் அக்கா. "இவங்க ஊசி போட்டவங்க."

அதிகாரி சத்தமாகக் கேட்டார். இரண்டாமவர் காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "மாத்திரை... ஸ்டாக்... இல்லை!" என்று அதிகாரி கத்தினார். "என்ன இல்லை?" என்று மூன்றாமவர் கேட்டார். அதிகாரி எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார், "மாத்திரை இல்லை! மாத்திரை இல்லை!" பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்தது. மாடியிலிருந்து ஆள் வந்தது. யாரோ அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து மேலதிகாரியே இறங்கி வந்தார். என்ன கலாட்டா என்று கேட்டார். அக்கா அமைதியாகச் சொன்னார்: "கலாட்டா இல்ல சார். பத்தாவது ஆளுக்கும் இப்படித்தான் பேச வேண்டியிருக்குமான்னு கேட்க வந்தோம்."

பதினோரு நாளில் வேறொரு பகுதியில் பிரிக்கப்படாமல் கிடந்த மாத்திரைப் பெட்டிகள் எங்களுக்கு வந்தன. இருபத்திரண்டு பேருக்கானவை! முதலில் திறந்தது நடத்துநருக்கு. அந்தப் பெட்டியைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பதற்குள் மாத்திரைகளை மூன்று முறை எண்ணிவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் மூன்று முறை எண்ணியது அன்றைக்குத்தான்.

நான்கு மாதம் அக்கா தன் கையால் அவருக்குக் கொடுத்தார். சளி சுத்தமானது. எடை ஏறியது. இன்னும் ஐம்பத்தெட்டு நாள். செவ்வாய்க்கிழமை காலையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தார். மாரடைப்பு; அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. எத்தனை ஆயிரம் பேரின் நெஞ்சைக் காட்டச் சொல்லி விரட்டியவர், தன் நெஞ்சை யாரிடமும் காட்டவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கிற கோபம் அது ஒன்றுதான். ஐந்து நிமிடம் கிடைத்தால் அதற்காக அவரைத் திட்டுவேன். கிடைக்கவில்லை.

நேற்று நடத்துநர் வீட்டுக்குப் போனேன். மாத்திரையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "ஐயா, கடைசி நாளு என்ன திட்டணும்னு, வேலைக்குத் திரும்பின நாள்லருந்து வண்டியில நின்னு ஒத்திகை பார்த்து வச்சிருந்தேன். அவங்க சிரிக்கணும்னு ஒவ்வொரு வார்த்தையா யோசிச்சு வச்சிருந்தேன். இனிமே யாருக்காக முடிக்கணும்? போதுங்கய்யா" என்றார். அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அக்காவாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பழகினவன். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

நடத்துநரே! இப்போது பதில் சொல்கிறேன், எழுந்து போகாமல் கேளுங்கள். நான்கு நாள் விட்டதற்குத் தலைமை மருத்துவரிடம் பேசிவிட்டேன்; இன்று தொடங்கினால் தொடரலாம் என்கிறார். இன்னும் விட்டால் இந்தப் புதிய மாத்திரைக்கும் அடங்காமலிருக்க உங்கள் கிருமி கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு கொடுக்க என் அலமாரியில் எதுவும் இல்லை. இந்த உலகத்தில் எந்த அலமாரியிலும் அதிகம் இல்லை. ஆறு பேர் தங்கள் காதைக் காட்டி வாங்கிக் கொடுத்த மாத்திரை இது. இன்றைக்கும் மாத்திரை கிடைக்காத பத்தாவது ஆள்கள் எத்தனையோ ஊர்களில் காத்திருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைத்துவிட்டது ஐயா! அதை என் பையில் வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவேன்?

இந்த அவையின் முன்னால் ஓர் உறுதி சொல்கிறேன். நாளையிலிருந்து நான் கண்ணாடிக்குப் பின்னால் இருக்க மாட்டேன். என் உதவியாளர் அங்கே இருப்பார். ஐந்தரை மணிக்கு உங்கள் பணிமனை வாசலில் நான் நிற்பேன், இன்றைக்குப் போக மிச்சமிருக்கும் ஐம்பத்தேழு நாளும். உங்களுக்கு மட்டுமல்ல, அக்காவின் பட்டியலில் உள்ள எழுபத்தொரு பேருக்கும் நானும் செவிலியர்களும் போவோம். வேறு ஆள் போடுகிறவரை என்று சொல்லவில்லை. போட்ட பிறகும் போவோம். எனக்கு அக்காவின் பேச்சு வராது. சிரிக்க வைக்கவும் வராது. தாமதமாக வருவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், மாத்திரையை எண்ணி எண்ணிக் கழுத்தறுப்பேன். திட்டுவதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் உங்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறான்?

தலைவர் அவர்களே, மேசையில் இருக்கும் அந்தத் தண்ணீரை இப்படிக் கொடுங்கள். நன்றி. நான் இறங்கி வருகிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் நடத்துநரே, நானே வருகிறேன். வழி விடுங்கள், வழி விடுங்கள். அம்மா, நீங்கள் அவர் தோளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தாருங்கள்.

அழுதுகொண்டே விழுங்கலாம், தப்பில்லை. அவசரமும் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் இங்கேதான் இருக்கிறோம்.